சாதியா, குடும்பமா? குமரி மாவட்டத்தை வைத்து ஒரு பதில்

வேலை நிமித்தமாக மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிவந்திருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: “இங்கே எல்லோரும் படித்தவர்களாக இருக்கிறார்கள். ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டால்கூட எந்தச் சபை, எந்தச் சமுதாயம் என்று விசாரிக்கிறார்கள். ஒருவர் மேலே வருவதையும் கீழேயே நிற்பதையும் தீர்மானிப்பது சாதி, மத அடையாளமா, அவர் பிறந்த வீட்டின் நிலைமையா? வீடுதான் என்றால் சாதியை விட்டுவிட்டு வருமானத்தை மட்டும் பார்த்து உதவினால் போதாதா?” கூடவே, நண்பர் ஒருவரின் குழந்தைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது பற்றியும் ஒரு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதுதான் கேள்வியில் உள்ள சிக்கல். சாதி வேலை செய்வதே குடும்பத்தின் வழியாகத்தான். யாருக்கு நிலம் வந்தது, யார் வீட்டில் முதன்முதலாக ஒருவர் பள்ளிக்கூடம் போனார், பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார்கள், கடன் கேட்டால் யார் கொடுத்தார்கள் என்பவை எல்லாம் வீட்டுக்குள் நடக்கும் காரியங்கள். அந்த வீட்டுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதைச் சாதியும் மதமும் அரசும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தன. இதைப் பார்க்கக் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். ஏனென்றால் இங்கே ஒரே சாதி இரண்டு மதங்களிலும், ஒரே மதம் ஐந்தாறு சாதிகளிலும், ஒரே குடும்பம் இரண்டு வழிபாடுகளிலும் பிரிந்து கிடக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே மிக அதிகம். இந்துக்கள் 48.65 சதவீதம், கிறித்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. பட்டியல் சாதியினர் மாநில அளவில் ஐந்தில் ஒருவர். இங்கே சுமார் 4 சதவீதம்தான். வெளியூர்க்காரர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு, இங்கே சாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 4 சதவீதம் ஏன் அவ்வளவு சிறியது என்று கேட்டால் வேறு கதை வெளிவரும்.

மயிலாடியில் பிறந்த சாம்பவர் (இன்று பட்டியல் சாதி) ஒருவர், மகாராசன் என்ற பெயருடன் இருந்தவர், தஞ்சாவூர் போய்க் கிறித்தவராகி வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார். அவருடைய அழைப்பின் பேரில்தான் லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் இங்கே வந்தார். 1809-இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. அங்கே தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. 1820-களில் மிஷன் பள்ளியில் மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். இப்பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. இவ்வளவுக்கும் வாசலைத் திறந்துவிட்டவர் ஒரு சாம்பவர்.

அவருடைய சமுதாயத்தாரில் கிறித்தவர்களாக இருப்போரின் சான்றிதழில் இன்று என்ன இருக்கிறது? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம் தழுவியவர்கள், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். எனவே அண்ணன் கோயிலுக்குப் போகிறார், தம்பி தேவாலயத்துக்குப் போகிறார் என்றால், ஒரே சந்தில், ஒரே கிணற்றடியில், ஒரே கூலி வேலையில் இருந்தும் அண்ணன் மகனுக்குப் பட்டியல் சாதிச் சலுகை உண்டு, தம்பி மகனுக்கு இல்லை. மேட்டுத் தெருக்காரர்கள் இருவரையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அரசு மட்டும் இருவரையும் வேறாகப் பார்க்கிறது. இந்த அநீதியை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இதை மாற்றச் சொன்னது. 2022-இல் மீண்டும் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்கள் மாறிக்கொண்டிருக்க, பிள்ளைகள் வளர்ந்து வேலை வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் வேறொரு சாதி என்பதும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தன. பட்டியல்கள் அந்தப் பழைய எல்லைப்படி எழுதப்பட்டன. அதனால்தான் வண்ணார் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் பட்டியல் சாதி. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். துணி வெளுக்கும் கல்லும் உழைப்பும் ஒன்றுதான்.

நாடார் சமுதாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இம்மாவட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை நீண்டது. 1859 ஜூலை 26-இல் வந்த அரச அறிவிப்பைப் பலர் முழு வெற்றி என்று சொல்வார்கள். அதன் வாசகத்தைப் பார்த்தால், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், முரட்டுத் துணியை மீனவச் சாதியான முக்குவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஒரு சாதிக்குச் சலுகை கொடுக்கும்போதே இன்னொரு சாதியின் இடத்தையும் அதில் எழுதிவைத்தார்கள். இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வழிபடச் சொன்னார், எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க வைத்தார், அதற்காகச் சிறையும் சென்றார். மதம் மாறாமலேயே மானத்தைக் கேட்கலாம் என்று காட்டிய பெரிய இயக்கம் அது. 1865-இல் அரசு நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களுக்கு உரிமையும் விற்கும் அதிகாரமும் கிடைத்தன. கையில் கருப்பட்டிக் காசோ தோட்டக் கூலியோ சேர்ந்திருந்தவர்கள் நிலம் வாங்க வழி பிறந்தது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் மற்ற பாதி நியாயம் பெறுகிறது. ஒரு வீட்டில் தாத்தாவின் தாத்தா மிஷன் பள்ளியில் படித்து உபதேசியார் ஆனார். அவர் மகன் ஆசிரியர், பேரன் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தர், கொள்ளுப்பேத்தி மருத்துவர். அடுத்த வீட்டில் நான்கு தலைமுறை பனையேறிகள். அக்கானி (பதநீர்) இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி, பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் ஒருவர், முந்திரி ஆலையில், அதாவது உள்ளூர்ப் பேச்சில் ‘அண்டி ஆபீஸ்’ என்பதில், தோல் உரித்துக் கை கறுத்த பெண்கள் இருவர். சாதிச் சான்றிதழ் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. தமிழ்நாட்டின் மாநில இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வசதி வந்துவிட்டவர்களை ஒதுக்கும் ‘கிரீமி லேயர்’ விதி மாநில ஒதுக்கீட்டில் இல்லை. எனவே, இந்த இடத்தில் வீட்டு நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் அந்த உபதேசியார் வீட்டின் முன்னேற்றத்தை வெறும் குடும்பக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துப் புலையர் குடியிருப்பில் அதே அளவு புத்திசாலியான ஒருவர் அதே ஆண்டில் பிறந்திருப்பார். அவரிடம் விற்கப் பனையும் இல்லை, வாங்க நிலமும் இல்லை, நிலவுடைமையாளரின் வயலை விட்டுப் பள்ளிக்குப் போக நேரமும் இல்லை. சாதி ஒரு வீட்டுக்குக் கொடுத்த பத்து ஆண்டு முந்துதல், மூன்று தலைமுறை கழித்துப் பார்க்கும்போது ‘நல்ல குடும்பம்’ என்ற பெயரில் தெரிகிறது.

கடற்கரைக்குப் போனால் கணக்கு மீண்டும் மாறும். பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இக்கடற்கரையில் முக்குவர்களுக்குத் திருமுழுக்கு கொடுத்தார். கடற்கரைக்கு உள்ளே பரவிய சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளைவிட இரண்டரை நூற்றாண்டு மூத்த கிறித்தவம் அது. ‘கிறித்தவர்கள் படித்து முன்னேறினார்கள்’ என்ற பொதுப்பேச்சு உண்மையாக இருந்தால் கடற்கரைதான் முதலில் முன்னேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. லண்டன் மிஷன் பள்ளிகள் உள்நாட்டில் பரவிய வேகத்தில் கரையோரம் பள்ளிகள் வரவில்லை. மீன்பிடித் தொழில் பையன்களைச் சிறு வயதிலேயே வள்ளத்துக்கு இழுத்தது. கடலோடு ஒட்டிய நெருக்கமான வீடுகள், வீட்டுமனைக்கு இடமில்லாத மணல், வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய முன்பணம், அந்த முன்பணத்துக்காக மீனைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் என்று வறுமை வேறு கயிறுகளால் கட்டப்பட்டிருந்தது. மதம் மட்டும் ஒருவரைப் படிக்க வைப்பதில்லை. பள்ளிக்கூடமும் நிலமும் ஓய்வும் சேர்ந்துதான் படிக்க வைக்கின்றன. தூத்தூர் வட்டாரத்து இளைஞர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் நாட்டிலேயே பெயர் பெற்றவர்கள். அந்தத் திறமைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

ஒக்கி புயலை யாரும் இங்கே மறக்கவில்லை. 2017 நவம்பர் 30-இல் வீசிய அந்தப் புயலில் எத்தனையோ வீடுகளில் சம்பாதிக்கும் ஆண்கள் காணாமல் போனார்கள். சில வீடுகளில் தகப்பனும் மகனும் ஒரே படகில் போயிருந்தார்கள். காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் கடக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அந்த ஏழு ஆண்டுகளில் அரிசி வாங்குவது யார்? அந்த விதிக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தர அரசு முன்வர வேண்டியிருந்தது. இந்தப் பெண்களை ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கத்தோலிக்கர்’ என்று மட்டும் எழுதினால் அவர்களைப் பற்றி எதுவும் எழுதியதாகாது.

மேல்சாதி வீடுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி நிலவியது. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். வயலும் நெல்லும் நிறைந்த வீட்டில் பிறந்த பிள்ளை, தகப்பன் கண்ணை மூடிய மறுநாள், உகந்துடைமை என்று கிடைக்கும் சிறு பங்கோடு வெளியே நிற்க வேண்டியிருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து முறை மாறியது. சாதி அப்படியே இருந்தது, நிலம் அப்படியே இருந்தது, வாரிசு விதி மட்டும் மாறியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தலைவிதி மாறிவிட்டது. குடும்பச் சட்டத்தைச் சமூக நீதிக்கு வெளியே வைத்துப் பேசுபவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது இந்த உதாரணத்தைத்தான். அதே 1926-இல்தான் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் இருந்தார்கள். ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-இல்.

இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் எல்லாச் சமுதாயங்களையும் ஒரே சீராகப் பிடித்து ஆட்டுவது ஸ்ரீதனம், அதாவது வரதட்சணை. சட்டம் அதை 1961-இலேயே தடை செய்துவிட்டது. இங்கே கல்வி கூடக்கூடத் தொகையும் கூடியது. மாப்பிள்ளை பொறியாளர் என்றால் பவுன் ஒரு கணக்கு, மருத்துவர் என்றால் வேறு கணக்கு. செவிலியர் படிப்பு படித்து வெளிநாட்டில் ஐந்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த பெண், அந்தச் சம்பாத்தியத்தைத் தன் கல்யாண நகையாக மாற்றி வேறொரு வீட்டில் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் இரண்டு ஆண் பிள்ளைகள் உள்ள ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் தாளில் ஒன்றாக இருக்கலாம். இருபது ஆண்டு கழித்து அந்த இரு வீடுகளையும் போய்ப் பாருங்கள்.

இதனால்தான் வருமானம் மட்டும் போதாது என்கிறேன். வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டின் வரவைச் சொல்கிறது. மாதச் சம்பளக்காரருடைய வருமானம் ரூபாய் பைசா வரை தெரியும். வளைகுடாவிலிருந்து வரும் பணமும் வட்டிக்கு விட்ட பணமும் தெரியாது. மேலும், பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 2019-இல் கொண்டுவந்த 10 சதவீத மத்திய ஒதுக்கீட்டில் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். முன்னேறிய சாதியில் அவ்வளவு வருமானம் உள்ள வீட்டையும், கடன் கேட்க ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத பட்டியல் சாதிக் கூலி வீட்டையும் ‘ஏழை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. வறுமை வந்தால் தூக்கிவிட ஒரு மாமா, ஒரு சபை, ஒரு சமுதாயச் சங்கம் இருப்பவர் வேறு; யாருமே இல்லாதவர் வேறு.

தமிழ்நாடு 2010-இல் கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகையை நான் பெரிதும் மதிக்கிறேன். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லையென்றால், சாதியும் வருமானமும் பார்க்காமல் தொழிற்கல்விப் படிப்பின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ‘இந்த வீட்டில் யார் முதலில் படிக்கிறார்’ என்ற சரியான கேள்வியை அந்த அரசாணை கேட்டது. அது 69 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பதிலாக வரவில்லை. அதன் மேல் இன்னொரு அடுக்காக வந்தது. வரவேண்டிய முறையும் அதுதான். சாதிவாரி ஒதுக்கீட்டைத் தொடாமல், அதற்குள் முதல் தலைமுறையினருக்கும் பெற்றோரை இழந்தவர்களுக்கும் கடற்கரைக் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம்.

இரண்டு இடங்கள் மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் சரியாக அடங்குவதில்லை. ஒன்று, பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் உள்ள காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. மலைமக்களில் ஒரு பகுதியினர் இன்றும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதே நீரைப் படகில் கடந்து வருகிறார்கள். எழுத்தறிவில் முதலிடம் என்று மாவட்டம் பெருமைப்படும்போது இந்தக் குடியிருப்புகளை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. மற்றொன்று, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, அரசு ரப்பர் தோட்டங்களில் வேலையும் கிடைத்தது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு முகாம் கிடைத்தது. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே பேசும் பட்டதாரிகளால் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. இனம் ஒன்று, மொழி ஒன்று, திறமை ஒன்று. பெற்றோர் எந்த ஆண்டு எந்தக் காகிதத்தோடு கடலைக் கடந்தார்கள் என்பது மட்டும் வேறு.

இனி உங்கள் நண்பரின் குழந்தை. தாய் இந்து சாம்பவர், தகப்பன் கிறித்தவ நாடார் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கலப்புமணப் பெற்றோர் தங்கள் விருப்பப்படி தாயின் சாதியையோ தகப்பனின் சாதியையோ குழந்தைக்குக் கோரலாம். நாடார், கிறித்தவ நாடார் இரண்டும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருப்பதால் தகப்பன் வழியில் சிக்கல் இல்லை. தாய் வழியில் பட்டியல் சாதி கோரினால் குழந்தை இந்துவாக வளர்க்கப்படுவதும், தாயின் சமுதாயம் அதைத் தன் பிள்ளையாக ஏற்பதும் கேட்கப்படும். குழந்தைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். பின்னால் விசாரணை வந்தால் வேலையே போய்விடும். மதம் திரும்பியவர்களைப் பற்றி 2015-இல் கே.பி. மனு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கலப்புமணக் குழந்தைகளைப் பற்றி 2012-இல் ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது இன்னும் பொருத்தமானது: தகப்பனின் சாதியே பிள்ளையின் சாதி என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, பிள்ளை யாரிடத்தில் வளர்ந்தது, யாருடைய பிள்ளையாக நடத்தப்பட்டது, எந்த இழிவையும் இல்லாமையையும் அனுபவித்தது என்பதைச் சான்றுகளோடு பார்க்க வேண்டும். எனவே எங்கே குடியிருக்கிறார்கள், எந்தப் பாட்டி வீட்டில் குழந்தை வளர்கிறது என்பதற்கான ஆவணங்களை இப்போதிருந்தே சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை இ-சேவை மையம் வழியாகப் போட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது தாய், தகப்பன் இருவரும் வீட்டில் இருப்பது நல்லது.